ரோமாபுரிக் காசும் கோயில் கல்லும்

சட்டைப் பையில் பூதக்கண்ணாடி இல்லாமல் சந்தைக்குக்கூடப் போகாத என் வீட்டுக்காரருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் நீங்கள் விட்டுப் போன இடத்திலேயே நிற்கிறது. நம் மகள் கவிதா சிரம்பானில் வேலைக்குப் போய் வருகிறாள். உங்கள் மோட்டார் சைக்கிளை விற்கக் கூடாதென்று அடம் பிடித்து அவளே ஓட்டுகிறாள். செயின் சத்தம் போடுகிறது, எண்ணெய் விடச் சொன்னால் காது கேட்பதில்லை. நீங்கள் போய் வருஷம் ஒன்று ஆகிவிட்டது, போன மாதம் திதி கொடுத்தோம்.

உங்கள் காசுப் பெட்டி அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கவில்லை, பயப்படாதீர்கள். ஒரு தீபாவளிக்குக் குத்துவிளக்கோடு சேர்த்து மூன்று காசைத் தேய்த்துப் பளபளவென்று வைத்தேனே, அன்றைக்கு நீங்கள் முழித்த முழி இன்னும் மறக்கவில்லை. ஆயிரத்துச் சொச்சம் வருஷமாகப் படிந்த பச்சையை அரை மணி நேரத்தில் எடுத்த ஒரே ஆள் நீதான் என்றீர்கள். நான் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். ஆனால் நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் கும்பாபிஷேக மலரில் அச்சாகப் போகிறது. கோயிலைப் புது இடத்துக்கு மாற்றிக் கட்டி முடித்துவிட்டார்கள், தை மாதம் கும்பாபிஷேகம். மலரை அதற்கு இரண்டு வாரம் முன்பே வீடு வீடாகக் கொடுப்பார்கள். கோயிலோடு இருப்பவர்களும் படிப்பார்கள், உங்களோடு பிரிந்து வந்த பன்னிரண்டு குடும்பமும் படிக்கும். எல்லாரும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் கோயில் கல்லில் உங்கள் பெயரை வெட்டி எடுத்தது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

உங்களைத் தெரியாத இளசுகளும் படிக்கும் என்பதால் கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தீர்கள். சுங்கை காடுட் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. நாம் லுக்குட்டில் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு மாறின பிறகும் தோட்டத்துக் கோயிலுக்கு நீங்கள்தான் செயலாளர். மற்ற ஆண்பிள்ளைகள் வேலை விட்டு வந்தால் மீன் பிடிக்கப் போவார்கள், பந்து பார்ப்பார்கள். நீங்கள் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, செத்துப் போன ரோமாபுரி ராஜாக்களின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தபாலில் வரும் காசுகள், பாதிக்கு மேல் தேய்ந்து மூக்கெது காதெது என்று தெரியாது. எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் சோறு போடும்போது நீங்கள் சொல்கிற கதைகளைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஒரு ராஜா எழுபது வயசைத் தாண்டியும் காசில் மட்டும் வாலிபனாகவே இருந்தாராம். நம் ஊர்த் தேர்தல் சுவரொட்டியைப் பார்த்த நமக்கு இதில் என்ன ஆச்சரியம் என்று கேட்டேன். இன்னொரு காசில் கப்பலும் கதிரும் போட்டிருந்தது. ஊருக்குத் தானியம் கொண்டு வந்தோம் என்று சொல்லிக்கொள்கிற காசாம். தேர்தல் நேரத்தில் அரிசிப் பையில் ஆளின் முகம் போட்டுக் கொடுக்கிறார்களே, அதேதான் என்றீர்கள். தோற்ற நாட்டைக் காட்ட மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்து அழுகிற காசு ஒன்று உண்டு. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏங்க, சண்டை போட்டவன் ஆம்பள, தோத்தவன் ஆம்பள. அழுவறதுக்கு மட்டும் பொம்பளையா?"

"அழுவறதுக்கு மட்டும் இல்ல பார்வதி. சமாதானமும் பொம்பளதான், அதிர்ஷ்டமும் பொம்பளதான், ஒத்துமையும் பொம்பளதான். எல்லாத்துக்கும் பொம்பள உருவந்தான் போடுவான்."

"உருவம் போடுவான். யோசனை கேப்பானா?"

நீங்கள் ரசத்தை ஊற்றிக்கொண்டீர்கள்.

நீங்கள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "காசுல என்ன போட்டிருக்குன்னு மட்டும் பாக்காத. அதை ஏன் அன்னைக்குப் போட வேண்டி வந்துச்சுன்னு கேளு." அதற்கு எடுத்துக்காட்டாக அந்த வெள்ளிக் காசை எடுத்துக் காட்டுவீர்கள், பெட்டியிலேயே நல்ல காசு அதுதான். நெர்வா என்று ஒரு கிழட்டு ராஜா. ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் இரண்டு கை குலுக்கிக்கொண்டிருக்கும். படைகளின் ஒற்றுமை என்று சுற்றி எழுதியிருக்கும். உண்மையில் அந்த ஆளைச் சொந்தக் காவல் படையே அரண்மனையில் அடைத்து வைத்து மிரட்டியதாம். ஒற்றுமை இருக்கிற வீட்டில் யாரும் அதைச் சுவரில் எழுதி மாட்ட மாட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

இப்போது கல் விஷயத்துக்கு வருகிறேன்.

தோட்டத்தை வீடு கட்ட விற்கப் போகிறார்கள், கோயிலை எடுக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னது. மாற்று நிலம் என்று கழிவுக் குட்டைக்குப் பக்கத்தில் ஒரு துண்டைக் காட்டினார்கள். கோயில் தலைவர் நாகப்பன் அண்ணன், தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த பழைய மண்டோர், கிடைத்ததை வாங்கிக்கொள்ளலாம் என்றார். சாலையோரத்தில் கொடுத்தால்தான் நகர்வோம் என்று நீங்கள் நின்றீர்கள். கூட்டத்தில் இரண்டு பேரும் நாற்காலியை விட்டு எழுந்து கத்தியது தோட்டம் முழுக்கக் கேட்டது.

அந்த வாரம் நான் கோயிலுக்குப் பூக் கட்டப் போயிருந்தேன். கம்பெனி ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வாசலில் பதித்திருந்த பளிங்குக் கல்லைப் போனில் படம் எடுத்தார்கள். தலைவர், பொருளாளர், செயலாளர் என்று பெயர்கள் வெட்டியிருந்த கல். பூக் கட்டிக்கொண்டிருந்தவர்களில் யாரோ சொன்னார்கள், "கல்லுல பேரு இருக்கிறவங்க மேலதான் கேஸ் போடுவாங்களாம், கோர்ட்டுக்கு இழுப்பாங்களாம்." அது போதும் எனக்கு. கவிதா அப்போது ஐந்தாம் படிவம், பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை வருஷம். நீங்கள் கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் அலைந்தால் தொழிற்சாலையில் எத்தனை நாள் பொறுப்பார்கள்? உங்களிடம் சொன்னால், பேர் இருக்கட்டும், வரட்டும் பார்க்கலாம் என்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை நீங்கள் பகல் ஷிப்ட். பூசாரி காலைப் பூசையை முடித்துப் போய்விட்டார். உங்கள் கருவிப் பெட்டியிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துப் பூக்கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உங்கள் பெயர் மூன்றாவது வரி. முதல் எழுத்துக்குத்தான் நேரம் பிடித்தது, அப்புறம் வேலை வேகமாகப் போனது. பளிங்கு அவ்வளவு கெட்டி இல்லை. பெயர் இருந்த இடத்தில் வெள்ளைப் பள்ளம் விழுந்தது, தூளை முந்தானையால் துடைத்தேன். ஆத்தாவைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தேன்.

நான்தாங்க வெட்டினேன். வேறு யாருமில்லை.

கல்லில் பெயர் இல்லை என்றால் கேஸிலும் பெயர் இருக்காது என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய புத்தி பாருங்கள். அவர்கள் போனில் ஏற்கெனவே படம் எடுத்துவிட்டார்கள், பதிவு அலுவலகத்தில் செயலாளர் என்று உங்கள் பெயர் இருக்கிறது. எதுவும் எனக்குத் தோன்றவில்லை. கேஸும் கடைசிவரை வரவில்லை.

மறுநாள் நீங்கள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த முகத்தைப் பார்த்ததுமே சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கும் முன்னால் நீங்கள் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். "அந்த நாகப்பன் என் பேரை வெட்டிட்டான் பார்வதி. எதுத்துப் பேசினேன்ல, அதுக்கு!" கோபத்தில் பாதி, பெருமையில் பாதி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆண்ட ரோமாபுரிக் கதையை அன்றைக்குத்தான் சொன்னீர்கள். அண்ணன்காரன் தம்பியைக் கொன்றான். சில ஊர்களில் இரண்டு பேர் முகமும் போட்ட காசை எடுத்துத் தம்பி முகத்தை மட்டும் சுரண்டினார்கள். சுரண்டின இடத்தைப் பார்த்துத்தான் இன்றைக்கு எல்லாரும் அந்தத் தம்பி யார் என்று கேட்கிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னீர்கள். நாகப்பன் ராஜாவாகிவிட்டார், நீங்கள் தம்பியாகிவிட்டீர்கள். அந்தப் பெருமையில் போய் நான் என்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை கோயிலில் பஞ்சாயத்து. உங்கள் பக்கம் பன்னிரண்டு குடும்பம், அவர் பக்கம் மற்றவர்கள். நாகப்பன் அண்ணன் சூடத்தை ஏற்றினார். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, "ஆத்தா மேல சத்தியம், நான் வெட்டல, வெட்டச் சொல்லவும் இல்ல" என்றார். ஒருவரும் நம்பவில்லை. உங்கள் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். நான் பெண்கள் வரிசையில் இரண்டாவது ஆளாக நின்றேன். அவர் கை சிவந்திருந்தது எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு வெளியே வந்த பன்னிரண்டு குடும்பம் இன்றுவரை உள்ளே போகவில்லை. ஆடித் திருவிழாவைத் தனியாகக் கூடாரம் போட்டுச் செய்தீர்கள். நான் உங்களுக்கு மாவிளக்கு இடித்துக் கொடுத்தேன்.

ஒரு தடவை கிட்டத்தட்டச் சொல்லிவிட்டேன். நம் தமிழ்நாட்டுப் பக்கம் மண்ணில் கிடைத்த ரோமாபுரித் தங்கக் காசுகளின் படத்தைக் காட்டினீர்கள். நிறையக் காசில் ராஜா முகத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு.

"நம்ம ஆளுங்க வெட்டினதுதான்" என்றீர்கள்.

"அவ்வளவு கோபமா ராஜா மேல?"

"கோபம்னு யார் சொன்னா? ராஜா யாருன்னே நம்ம ஆளுக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் கவலை இல்ல. உள்ள தங்கந்தானான்னு பாத்திருக்கலாம். திரும்பக் காசாச் செல்லக் கூடாதுன்னு போட்டிருக்கலாம். சரியா யாருக்கும் தெரியாதுலா."

"அப்ப வெட்டினவங்க எல்லாம் விரோதி இல்ல?"

நீங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலையிலிருந்து போன், மெஷின் லைன் நின்றுவிட்டதாம். நீங்கள் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். திரும்பி வந்ததும் சொல்லியிருக்கலாம். இரண்டாயிரம் வருஷத்துக் காசைப் படித்த மனுஷனுக்கு, சொந்தப் பெண்டாட்டி வெட்டின கல்லைப் படிக்கத் தெரியவில்லையே என்று உங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

சொல்லியிருந்தால் திட்டியிருப்பீர்களா, சிரித்திருப்பீர்களா?

நீங்கள் காலையில் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போய் வாசலிலேயே சாய்ந்த அன்று, நாகப்பன் அண்ணன் வந்தார். பந்தலுக்குள்ளே வரவில்லை. நம் ஆட்கள் முறைத்ததில் சாலைக்கு அந்தப் பக்கமே நின்றார். சவ வண்டி கிளம்பும்வரை வெயிலில் நின்றார். அதைப் பார்த்தபோது எனக்கு உங்களுக்காக வந்த அழுகை பாதி, இதற்காக வந்தது பாதி.

அவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். ஏழு வருஷம் கழித்து முதல் தடவையாக உள்ளே வந்து உட்கார்ந்தார். சாலையோர நிலம்தான் கடைசியில் கிடைத்தது, நீங்கள் கேட்ட அதே இடம். அதை அவரே சொன்னார். கும்பாபிஷேகத்துக்கு எல்லாருக்கும் கொடுக்க ஒரு நினைவுக் காசு அடிக்கிறார்களாம், மாதிரியைக் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் மாரியம்மன். திருப்பினேன். இரண்டு கை குலுக்கிக்கொண்டிருக்கிறது, கீழே ஒற்றுமை என்று எழுதியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"ஏன் தங்கச்சி சிரிக்கிறீங்க? நல்லா இல்லையா?"

நெர்வா கதையைச் சொன்னேன். பெட்டியை இறக்கி வெள்ளிக் காசையும் காட்டினேன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"அட, அப்படியே இருக்குலா. அப்ப கையை எடுத்துடச் சொல்லவா?"

"இருக்கட்டும் அண்ணே. அந்தக் கிழவனும் வேற வழி இல்லாமதான் போட்டான்."

அப்புறம்தான் வந்த காரியத்தைச் சொன்னார். பன்னிரண்டு குடும்பமும் வர வேண்டும். புதுக் கல்லில் உங்கள் பெயரை முதல் வரியில் வெட்டுகிறாராம். மலருக்கு உங்களைப் பற்றி நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். மேடையில் முதல் காசை நான் வாங்க வேண்டுமாம். "பழச விடுங்க தங்கச்சி. வெட்டினவன் எவனோ, ஆத்தா பாத்துக்குவா" என்றார்.

ஏழு வருஷமாக நான் ஆசைப்பட்டது உங்கள் பெயர் திரும்பக் கல்லில் ஏற வேண்டும் என்றுதான். அதை அந்த மனுஷன் தட்டில் வைத்துக் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

தண்ணீர் கேட்டார். குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"சூடம் அடிச்சேனே தங்கச்சி. நீங்க அங்கதான நின்னீங்க?"

"நின்னேன்."

"நம்மாளு எவனோதான் செஞ்சிட்டான்னு நெனச்சு என் சொந்தத் தம்பியையே கமிட்டிய விட்டுத் தூக்கினேன். அவன் இன்னும் என் வீட்டு வாசப்படி மிதிக்கல." டம்ளரைக் கீழே வைத்தார். "மாலதி கல்யாணத்துக்குப் பன்னெண்டு வீட்டுக்கும் நானே போயிப் பத்திரிகை வெச்சேன். ஒருத்தர் வரல. பந்தியில பாதி எல காலி. எம் பொண்ணு மேடையில இருந்து வாசலயே பாத்துக்கிட்டு இருந்தா."

அந்தப் பத்திரிகையை நம் வீட்டு வாசலிலும் நின்று கொடுத்துவிட்டுப் போனார். நாம் போகவில்லை. நீங்கள் வேண்டாம் என்றீர்கள், நான் சரி என்றேன். மன்னிப்புக் கேட்டேன் அவரிடம். காலில் விழப் போனேன், தடுத்துவிட்டார்.

கிளம்பும்போது, "இதை எழுத வேணாம் தங்கச்சி. போனவரு பேருக்குத்தான் கொறச்சல். நம்ம ரெண்டு பேரோட போகட்டும்" என்றார். அவ்வளவு நல்ல மனுஷனைத்தான் நாம் அப்படிப் பேசினோம். எழுதுவேன் என்றேன். கல்லில் உங்கள் பெயரை இப்போது வெட்ட வேண்டாம், பன்னிரண்டு வீடும் இதைப் படித்துவிட்டு வந்து சொன்னால் வெட்டுங்கள் என்றேன். கல்லுக்காரன் காத்திருக்க மாட்டான், ஒரு வரி இடம் விட்டு வெட்டச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவிதாவிடம் அன்றைக்கே சொன்னேன். "ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலதியின் போன் நம்பரைத் தேடிக் கொண்டு வந்து கொடுத்தாள்.

மாலதி இப்போது போர்டிக்சனில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். போன் பண்ணினேன். அவளுக்கு அவள் அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"வரணும்னா வாங்க அத்தை. ஆனா அப்பா சூடம் அடிக்கறப்ப எப்படிச் சும்மா நின்னீங்கன்னு நான் கேக்கத்தான் போறேன். எம் பிள்ளைங்க முன்னாலயே கேப்பேன்."

"கேளும்மா" என்றேன்.

நீங்கள் ராஜாக்களின் பொய்யைக் கண்டுபிடித்துச் சிரித்தீர்கள். நம் வீட்டில் இருந்த பொய்யை உங்களிடமிருந்து மறைத்தவள் நான். இப்போது உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கும்பாபிஷேகத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, புடவை, மஞ்சள், குங்குமம், பழம் வைத்துக் கல்யாணச் சீர்த் தட்டு எடுத்துக்கொண்டு மாலதி வீட்டுக்குப் போவேன். பன்னிரண்டு வீட்டுப் பெண்களில் வருகிறவர்கள் வரட்டும். ஒருவரும் வராவிட்டாலும் நான் போவேன். அவள் என்ன கேட்டாலும் உங்கள் பெயரைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன், நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்வேன்.

உங்கள் பெயரை வெட்டிய கையால் எழுதும்
உங்கள் மனைவி
பார்வதி